தபஸ் கலைந்துவிட்டதா? நம் நாட்டு ஆளில்லா உளவு விமானம் பற்றிப் பேசுவோம்

#1 செந்தூரான்

நண்பர்களே, ரொம்ப நாளாக மனதில் உள்ள கேள்வி. 2016 நவம்பரில் சித்ரதுர்கா பக்கம் ருஸ்தம்-2 முதன்முறை பறந்தபோது இதே விவாதக் களத்தில் கொண்டாடித் தீர்த்தோம். பிறகு அதற்கு தபஸ் என்று பெயர் மாறியது. 2023 ஏரோ இந்தியாவில் காட்டினார்கள். 2024 தொடக்கத்தில், 'மிஷன் மோட்' என்ற முன்னுரிமைத் திட்டங்களின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவிடமிருந்து 31 எம்க்யூ-9பி ஆளில்லா விமானங்கள் வாங்க ஒப்பந்தமும் போட்டாகிவிட்டது.

ராக்கெட் விடுகிறோம், நிலாவில் இறங்குகிறோம். ஆள் உட்காராத ஒரு புரொப்பெல்லர் விமானத்தை 24 மணி நேரம் பறக்க வைக்க முடியவில்லையா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியவில்லை.

#2 கேள்விக்குறி

புரிய என்ன இருக்கிறது? 2011-ல் சுமார் 1,540 கோடிக்கு அனுமதி. பிறகு 1,786 கோடி. 2016 ஆகஸ்டில் முடிந்திருக்க வேண்டிய திட்டம், அந்த ஆண்டு நவம்பரில்தான் முதல் தடவையே பறக்கிறது. 2019 செப்டம்பரில் ஒன்று சித்ரதுர்கா அருகே தோட்டத்தில் விழுந்தது. 2023 ஆகஸ்டில் இன்னொன்று ஹிரியூர் பக்கம் வயலில் விழுந்தது. தபஸ் என்றால் தவம். பெயருக்கேற்ப உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

#3 பட்டறைக்காரன்

கேள்விக்குறி தம்பி, அவசரப்படாதீர்கள். சோதனையில் விழாத விமானம் எது? விழுவதற்குத்தான் சோதனை.

நான் ஓசூர்க்காரன். ருஸ்தம் கதை எங்கள் ஊரில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 2009 நவம்பரில் ருஸ்தம்-1 முதலில் எழும்பியது ஓசூர் அருகே உள்ள தனியார் விமானத்தளத்தில்தான். ஓடுபாதையில் ஒழுங்காக ஓடியது, எழும்பியது, எல்லாம் சரி. கீழே இருந்தவர்கள் உயரத்தைத் தப்பாகக் கணித்து எஞ்சினை அணைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். விமானம் கீழே வந்துவிட்டது. விமானத்தில் கோளாறு இல்லை, தரையில் இருந்த கணிப்பில்தான் கோளாறு. மறு ஆண்டு அக்டோபரில் அதே ஓசூரில் 3,000 அடி உயரத்தில் அரை மணி நேரம் பறந்து காட்டியது.

பெயர்க் காரணமும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் என்.ஏ.எல். என்ற தேசிய விமானவியல் ஆய்வகத்தில் இருந்த பேராசிரியர் ருஸ்தம் தமானியா நினைவாக வைத்தது. அவர் குழு செய்த சிறிய கனார்டு (முன்பக்கம் குட்டி இறக்கை உள்ள) விமானத்தின் வடிவத்திலிருந்துதான் ருஸ்தம்-1 வந்தது. 2001-ல் அவர் காலமாகிவிட்டார். பெயர் மட்டும் பறந்தது.

#4 செந்தூரான்

அண்ணே, இது எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ருஸ்தம்-1-க்கும் ருஸ்தம்-2-க்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை உண்டா?

#5 ஏரோ மாணவி

அநேகமாக இல்லை. ருஸ்தம்-1-இல் ஒரே எஞ்சின், பின்பக்கமிருந்து தள்ளும். தபஸில் இரண்டு எஞ்சின்கள், இறக்கையில் முன்பக்கமாக மாட்டியிருக்கும். இறக்கையின் முழு நீளம் 20.6 மீட்டர். இரண்டும் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை, டி.ஆர்.டி.ஓ.வின் பெங்களூர் ஏ.டி.இ. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு வேறு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூரான் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். ராக்கெட்டையும் இதையும் ஒப்பிடுவதில்தான் குழப்பமே. ராக்கெட் எஞ்சின் சில நிமிடங்கள் எரிந்தால் போதும், அதோடு அதன் வேலை முடிந்தது. இந்த விமானத்தின் எஞ்சின் 24 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். இறங்கி, எண்ணெய் மாற்றி, மறுநாள் மறுபடி 24 மணி நேரம் ஓட வேண்டும். அதுவும் 30,000 அடியில். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். சாதாரண பிஸ்டன் எஞ்சின் அங்கே மூச்சுத் திணறும். டர்போ வைத்துக் காற்றை அமுக்கி ஊட்டலாம். ஆனால் அமுக்கிய காற்று சூடாகும், அந்தச் சூட்டை எடுத்துப் போகவும் அதே மெல்லிய காற்றுதான் இருக்கிறது. பெரிய ரேடியேட்டர் வைத்தால் எடையும் இழுவையும் கூடும். இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இழுக்கும்.

படைகள் கேட்டது 30,000 அடி, 24 மணி நேரம். தபஸ் எட்டியது சுமார் 28,000 அடி, 18 மணி நேரம். 'முடியவில்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி இவ்வளவுதான்.

#6 கேள்விக்குறி

'இவ்வளவுதான்' என்கிறீர்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து எடுத்த பையன் என்ற கதையா? எல்லையில் நிற்பவனிடம் போய்ச் சொல்லுங்கள், ஆறு மணி நேரம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி.

#7 பழைய சிக்னல்காரன்

எல்லையில் நின்றவன் நான்தான், அதனால் நானே பதில் சொல்கிறேன். 22 வருடம் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ். பாலைவனமும் பார்த்தேன், பனியும் பார்த்தேன்.

18 மணி நேரம் பறக்கிற மூன்று விமானங்கள் கையில் இருந்தால் ஒரு நொடிகூடக் கண்ணை மூட வேண்டியதில்லை. ஒன்று இறங்க ஒன்று ஏறும். ஆகவே 18-ஆ 24-ஆ என்பது களத்தில் இருப்பவனின் தலைவலி இல்லை. அவன் தலைவலி வேறு. ஏறியது திரும்பி வருமா? ஏற வேண்டிய நேரத்துக்கு ஏறுமா?

பணியில் இருந்தபோது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த விமானம், யார் செய்தது என்று கேட்காதீர்கள். லாரியில் உள்ள தண்டவாளத்திலிருந்து கவண் மாதிரி எறிந்து ஏற்றுவார்கள். இறங்கும்போது பாராசூட். ஒரு நாள் மாலை நன்றாகப் பறந்து வேலையை முடித்துவிட்டுத் திரும்பியது. பாராசூட் விரிந்தது. அதே நேரம் காற்றும் கிளம்பியது. குறித்த இடத்திலிருந்து நெடுந்தூரம் தள்ளிப் போய், ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. இருட்டில் ஜீப்பில் தேடினோம். கண்டுபிடித்தபோது பாராசூட்டுக்குள் இன்னும் காற்று இருந்தது, பாய்மரம் மாதிரி விமானத்தை இழுத்துக்கொண்டே போய் முள்மரத்தில் சிக்க வைத்திருந்தது. கேமரா இருந்த கண்ணாடி உருண்டை முழுக்க மணல் கீறல். பறந்ததில் குறை இல்லை, ஆனால் மறுநாள் பறக்க எதுவும் மிச்சமில்லை.

தபஸுக்கு முன் இங்கே செய்த நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராணுவம் எடுத்துக்கொண்டவை நான்கு, 2015 முடிவதற்குள் நான்குமே விழுந்துவிட்டன, அதோடு அது நின்றது. அந்தச் சூடு கண்டவர்கள் தபஸைப் பார்க்கும்போது எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள். தாளில் உள்ள எண்ணைக் காட்டித்தான் 'வேண்டாம்' என்பார்கள். மனதில் இருப்பது வேறு.

#8 செந்தூரான்

ஐயா, இது நல்ல விளக்கம். ஆனால் தபஸ் சக்கரத்தில் ஓடி ஏறி, சக்கரத்தில்தானே இறங்கும்?

#9 பழைய சிக்னல்காரன்

ஆமாம், தம்பி. அதில் தானாக ஏறித் தானாக இறங்கும் ஏற்பாடும் வந்துவிட்டது, ககன் என்ற நம் செயற்கைக்கோள் வழிகாட்டு முறையின் உதவியோடு. அது சின்ன விஷயமில்லை. ஆளில்லா விமானங்கள் பலவும் இறங்கும்போதுதான் உடையும்.

#10 உச்சிப்புளி

எங்கள் ஊர் பெயரையே வைத்திருக்கிறேன், மன்னிக்கவும். ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத்தளம் இங்கேதான் இருக்கிறது. கடற்படையின் ஆளில்லா விமான அணி 2012-இலிருந்து இங்கே. வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்தால் சில ராத்திரிகளில் கேட்கும். பெரிய விமானத்தின் இரைச்சல் மாதிரி வந்து போகாது. தையல் மிஷினை யாரோ பக்கத்துத் தெருவில் ஓட்டுகிற மாதிரி ஒரே சீராக, ரொம்ப நேரம். சின்ன வயதில் என் மகன் 'வானத்துல யாரோ தைக்கிறாங்க' என்பான். அவை இஸ்ரேலிலிருந்து வாங்கியவை.

கேட்க வந்தது என்னவென்றால், 2023 ஜூனில் தபஸைக் கடற்படைக் கப்பலிலிருந்து ஓட்டியதாகப் படித்தேன். அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

#11 ஏரோ மாணவி

அருமையான இடத்தை எடுத்தீர்கள் அக்கா. 2023 ஜூன் 16. சித்ரதுர்கா சோதனைத் தளத்திலிருந்து காலையில் கிளம்பியது. அங்கிருந்து கார்வார் கடற்படைத் தளம் 285 கிலோமீட்டர். கார்வாரிலிருந்து 148 கிலோமீட்டர் கடலுக்குள் ஐ.என்.எஸ். சுபத்ரா நின்றது. கப்பலில் ஒரு தரைக் கட்டுப்பாட்டு நிலையமும் இரண்டு தகவல்தொடர்பு முனையங்களும் வைத்திருந்தார்கள். 20,000 அடியில் மூன்றரை மணி நேரம் பறந்தது. அதில் 40 நிமிடம் கட்டுப்பாடு முழுக்கக் கப்பலில் இருந்தவர்கள் கையில். பிறகு திரும்பி வந்து கிளம்பிய இடத்திலேயே இறங்கியது.

ஏன் இது பெரிய விஷயம்? ரேடியோ அலை நேர்கோட்டில்தான் போகும், பூமி வளைந்திருக்கிறது. 20,000 அடியில் பறக்கும் விமானத்துக்குத் தரையிலிருந்து எட்டும் தூரம் கணக்குப்படி 320 கிலோமீட்டர் அளவுதான், நடைமுறையில் அதைவிடக் குறைவு. அதைத் தாண்ட வேண்டுமானால் இரண்டே வழி. ஒன்று செயற்கைக்கோள். இன்னொன்று, ஓட்டப் பந்தயத்தில் தடியைக் கைமாற்றுவது போல வேறொரு நிலையத்திடம் கட்டுப்பாட்டை ஒப்படைப்பது. கைமாறும் அந்த ஒரு நொடியில் யார் கட்டளைக்கும் கட்டுப்படாமல் விமானம் நழுவிவிடக் கூடாது. அதைத்தான் அன்று காட்டினார்கள்.

#12 கேள்விக்குறி

சரி, ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல வேலைதான். ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. துருக்கி எப்படிச் செய்தது? நம்மைவிடச் சின்ன நாடு. பைரக்தார் டிபி2 என்ற ஆளில்லா விமானத்தை 2014-லேயே தன் படைக்குக் கொடுத்தது. 2020-ல் அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் மோதிய கராபாக் போரில் அது செய்த வேலையை உலகமே பார்த்தது.

#13 பட்டறைக்காரன்

நல்ல கேள்வி. இதற்கு என் பட்டறைப் பக்கமிருந்து ஒரு பதில் இருக்கிறது.

டிபி2-இன் மொத்த எடையே 700 கிலோ. சுமக்கும் பொருள் 150 கிலோ. தபஸ் சுமக்க வேண்டியது 350 கிலோ. அவர்கள் முதலில் சைக்கிள் செய்து, ஓட்டிப் பார்த்து, பிறகு பைக், பிறகு கார் என்று போனார்கள். நாம் முதலிலேயே லாரி கேட்டோம். பகல் கேமரா, இரவு கேமரா, மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார், எதிரியின் சிக்னலை ஒட்டுக் கேட்கும் கருவி என்று எல்லாம் ஒன்றிலேயே வேண்டும். முப்படைக்கும் ஒரே விமானம். கல்யாணப் பந்தியில் எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே இலையில் கேட்டால் சோறு வைக்க இடம் இருக்காது.

எடை எப்படி ஏறுகிறது என்று கண்ணால் பார்த்தவன் நான். நாங்கள் விமான வேலைக்கு ஜாப் ஒர்க் எடுக்கிறோம். எந்த விமானத்துக்கு என்று சொல்ல மாட்டார்கள், வரைபட எண் மட்டும் வரும். ஒருமுறை ஒரு பிராக்கெட் வந்தது. இரண்டு கிலோ அலுமினியக் கட்டியைக் குடைந்து குடைந்து 140 கிராம் உருப்படியாக எடுக்க வேண்டும். சுவர் கனம் இரண்டரை மில்லிமீட்டர்தான். மெல்லிய சுவர், கட்டர் பட்டால் அதிரும். என் ஆள் பயந்து ஒரு இழை அதிகமாக விட்டுவிட்டான். 'பலமா இருக்கட்டும்ணே' என்றான். எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

சோதிக்க வந்தவர் தராசில் வைத்தார். 161 கிராம். பத்து உருப்படியையும் ஒதுக்கிவிட்டார். நான் வாதாடினேன், 21 கிராம்தானே சார் என்று. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: 'உங்களை மாதிரி ஆயிரம் பேர் செய்கிறார்கள். ஆளுக்கு 21 கிராம் நல்ல மனசோடு போட்டால் எவ்வளவு?' கணக்குப் போட்டேன். 21 கிலோ. 21 கிலோ எடை என்றால் 21 கிலோ எரிபொருள் குறைவு, அதாவது வானத்தில் இருக்கும் நேரம் குறைவு.

தபஸும் அப்படித்தான். முதலில் நினைத்த எடையைவிட முடிவில் வந்த எடை நிறையக் கூடிவிட்டது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு பெரிய தவறு இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நல்ல மனசு பல ஆயிரம் இடத்தில் சேர்ந்திருக்கும்.

#14 ஏரோ மாணவி

அண்ணே, இதை எங்கள் வகுப்பில் வந்து சொல்லுங்களேன். எடை கூடினால் இறக்கை அதிகமாகத் தூக்க வேண்டும், அதிகம் தூக்கினால் இழுவை கூடும், இழுவை கூடினால் எஞ்சின் அதிகம் குடிக்கும், அதிகம் குடித்தால் அதிக எரிபொருள் வேண்டும், அதற்குப் பெரிய தொட்டி வேண்டும், தொட்டிக்கும் எடை. பாடப்புத்தகத்தில் இதற்கு அழகான சமன்பாடு இருக்கிறது. 140, 161 என்று சொன்னதுதான் மண்டையில் ஏறியது.

இன்னொன்று. துருக்கி எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்துவிடவில்லை. டிபி2-இன் எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோடக்ஸ், 100 குதிரைத்திறன். கேமரா கனடாவின் வெஸ்காம். 2020 அக்டோபரில் கராபாக் போர் நடந்துகொண்டிருந்தபோதே கனடா கேமரா ஏற்றுமதியை நிறுத்தியது. எஞ்சினும் தடைபட்டது. அவர்கள் சொந்த நிறுவனத்தின் கேமராவுக்கு மாற வேண்டி வந்தது. வித்தியாசம் என்னவென்றால், கதவு மூடும்போது அவர்கள் கையில் பறக்கும் விமானமும் போர் அனுபவமும் இருந்தன. மாற்றிப் பொருத்த நேரம் கிடைத்தது.

நம் தபஸில் இருந்ததும் ஆஸ்திரிய எஞ்சின்தான், வேறு நிறுவனம், தலா 180 குதிரைத்திறன் அளவில் இரண்டு. அந்தக் குடும்ப எஞ்சினின் பூர்வீகம் பென்ஸ் கார் டீசல் எஞ்சின் என்றால் நம்புவீர்களா? அகமதுநகர் வி.ஆர்.டி.இ. வாகன ஆய்வகம் அதே அளவில் நம் நாட்டு எஞ்சின் ஒன்றை உருவாக்கியது. எனக்குக் கேட்டால் தபஸைவிட அந்த எஞ்சின்தான் முக்கியம். எம்க்யூ-9-இல் இருப்பது 900 குதிரைத்திறன் அளவிலான டர்போபிராப், அதாவது புரொப்பெல்லரைச் சுழற்றும் ஜெட் வகை எஞ்சின். அங்கேதான் நமக்குப் பள்ளம்.

#15 வெட்டிப்பேச்சு

எங்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி. பசங்களிடம் கொடுத்திருந்தால் அஜித் சாரை ஆலோசகராக வைத்து எப்போதோ முடித்திருப்பார்கள் 😄

#16 ஏரோ மாணவி

சிரிக்கத்தான் சொன்னீர்கள், இருந்தாலும் எம்.ஐ.டி.யின் தக்ஷா குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது நிஜம். ஆனால் அது வேறு உலகம். ரத்த மாதிரியைக் கொண்டுவரும் விமானமும் 350 கிலோ சுமந்து நாள் முழுக்கச் சுற்றும் விமானமும் ஒன்றல்ல.

#17 கேள்விக்குறி

எனக்கு இப்போது சந்தேகமே வேறு. 2025 மே மாதத்தில் பார்த்தோம். மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் அனுப்பியதாக நம் ராணுவமே சொன்னது. எல்லாம் மலிவானவை, கூட்டமாக வருபவை. உக்ரைனிலும் அதே கதை. இந்த நிலையில் மெதுவாக, பெரிதாக, ரேடாரில் பளிச்சென்று தெரியும் தபஸ் மாதிரி ஒன்று எதற்கு? சுட்டு விளையாடவா?

#18 பழைய சிக்னல்காரன்

இது நியாயமான கேள்வி. பாதிதான் சரி.

போர் மூண்ட பிறகு எதிரியின் வான் பாதுகாப்புக்குள் அதை அனுப்பினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாள் போர் இல்லை. அன்றைக்கெல்லாம் நம் எல்லைக்கு உள்ளேயே பறந்துகொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். கடலில் நாட்கணக்காகச் சுற்ற வேண்டும். அந்த வேலையைச் சின்ன ட்ரோன் செய்யாது. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளத்தில் 2020-இலிருந்து இரண்டு எம்க்யூ-9பி-யைக் குத்தகைக்கு வைத்திருந்ததும் இதற்குத்தான். அதில் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் கடலில் இறங்கிவிட்டது, வாங்கிய பொருளும் விழும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தாக்கும் வேலைக்கு வேறு பாதை ஏற்கெனவே ஓடுகிறது. நாகாஸ்த்ரா மாதிரி சுற்றி வந்து பாயும் வகைகள் ராணுவத்துக்கு வந்தாயிற்று. 2025 ஜூலையில் கர்னூல் சோதனைத் தளத்தில் ட்ரோனிலிருந்து ஏவும் சின்ன ஏவுகணையைச் சோதித்தார்கள். ட்ரோன் பெங்களூர்த் தனியார் நிறுவனம் செய்தது. ரேடாருக்குத் தெரியாத வகைக்கு ஸ்விஃப்ட் என்ற வாலில்லாச் சோதனை விமானம் 2022 ஜூலை 1 அன்று அதே சித்ரதுர்காவில் தானாகப் பறந்து தானாக இறங்கியது. அதன் எஞ்சின் ரஷ்யாவுடையது. மறுபடி எஞ்சின்!

#19 கோயம்புத்தூர் மோட்டார்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சின்ன ட்ரோன் பக்கம் எல்லாம் தேனும் பாலும் ஓடுகிறது என்று நினைக்காதீர்கள்.

நான் வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனம் (பெயர் வேண்டாம்) மலைப்பகுதிக்கான ட்ரோன் செய்தது. என்.சி.என்.சி. சோதனைக்குக் கூப்பிட்டார்கள். நோ காஸ்ட், நோ கமிட்மென்ட். அதாவது உங்கள் செலவில் கொண்டு வாருங்கள், காட்டுங்கள், வாங்குவோம் என்று எந்த உறுதியும் இல்லை. நான்கு பேர், ஆறு பெட்டி, பத்து நாள். கீழே எங்கள் ஊரில் 50 நிமிடம் பறந்த பொருள் மேலே விடிகாலைக் குளிரில் 20 நிமிடத்தில் 'பேட்டரி லோ' என்றது. ராத்திரி பேட்டரிகளை ஸ்லீப்பிங் பேக்குக்குள் எங்களோடு கட்டிப்பிடித்துப் படுத்தோம். மறுநாள் 35 நிமிடம் பறந்தது. பார்க்க வந்திருந்த அதிகாரி வேறு ஒன்றுமே சொல்லாமல் இதை மட்டும் கேட்டார்: 'ஜவான் தினமும் பேட்டரியோடு படுக்கணுமா?' எங்களிடம் பதில் இல்லை.

இன்னொரு கேள்விக்கும் பதில் இல்லை. மோட்டாரைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே காந்தம் எங்கிருந்து? சீனா. வேகக் கட்டுப்பாட்டுப் பலகை? சீனா. உடல் மட்டும் நம்முடையது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தது அரசு. உதிரிப் பாகத்துக்குத் தடை இல்லை. ஆகவே பாகமாக வந்து இங்கே ட்ரோன் ஆகிவிடுகிறது. 2025 தொடக்கத்தில் சீனப் பாகம் காரணமாக 400 சரக்கு ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை ராணுவம் ரத்து செய்தது நினைவிருக்கும். எல்-1 முறையில் விலை குறைத்தவனுக்குத்தான் ஆர்டர் என்றால், காந்தத்தை இங்கே செய்பவன் எப்படி ஜெயிப்பான்?

#20 செந்தூரான்

அப்படியென்றால் பெரியதில் எஞ்சின், சின்னதில் காந்தமும் பலகையும். இரண்டிலுமே வெளியே தெரிகிற உடம்பு நம்முடையது, உள்ளே துடிப்பது வெளியிலிருந்து வருகிறது. சரியாகப் புரிந்துகொண்டேனா?

#21 ஏரோ மாணவி

முழுக்க அப்படி இல்லை. தபஸில் பறக்கவிடும் கணினி, மென்பொருள், தானாக இறங்கும் முறை, டேராடூன் ஆய்வகங்களின் தகவல் இணைப்பும் கேமராவும் எல்லாம் இங்கே செய்தவை. இருநூறு முறை பறந்திருக்கிறது. அந்த 200 பறப்பின் பதிவுகள்தான் எனக்கு ஆசை. என்னைக் கேட்டால், 18 மணி நேர விமானத்தையே 'மார்க்-1' என்று பெயர் வைத்து ஆறேழு எடுத்து உச்சிப்புளியிலோ அந்தமானிலோ ஓட்ட விட்டிருக்க வேண்டும். ஓட ஓடத்தான் குறை தெரியும்.

#22 பழைய சிக்னல்காரன்

இங்கேதான் உன்னோடு முரண்படுகிறேன், அம்மா. 'ஓட ஓடத் தெரியும்' என்பது ஆய்வகத்தில் இருப்பவருக்குச் சுலபம். பட்டாலியன் கமாண்டருக்கு அது இன்னொரு கொட்டகை, பத்து ஆள், ஒரு லாரி உதிரிப் பாகம், மேலே பதில் சொல்ல வேண்டிய விபத்து அறிக்கை. அந்தச் சுமையை யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசியிருந்தால் மார்க்-1 நடந்திருக்கும். கடற்படையாவது கப்பல் வரை கொண்டுபோய்ப் பார்த்தது.

#23 உச்சிப்புளி

கடற்படை எப்போதும் அப்படித்தான் ஐயா 🙂 குறையோடு பிறந்த பிள்ளையையும் தூக்கி வைத்துக்கொள்ளும்.

#24 மட்டுறுத்துநர்

படைகளுக்கு இடையே சண்டை மூட்டும் மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சோதனைத் தளத்தின் செயற்கைக்கோள் படத்தைப் போட்டவருக்கு எச்சரிக்கை. பொதுவில் உள்ளதை மட்டும் பேசுங்கள்.

#25 கேள்விக்குறி

நீக்கியதில் ஒன்று என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. 2025 ஆகஸ்டில் முப்படைகளுக்கும் 'மேல்' (MALE) வகை ஆளில்லா விமானங்கள், அதாவது நடு உயரத்தில் நெடுநேரம் பறப்பவை, வாங்கப் பாதுகாப்புக் கொள்முதல் குழு அனுமதித்திருக்கிறது. பட்டறைக்காரண்ணே, அதிலாவது உங்களுக்கு வேலை வருமா?

#26 பட்டறைக்காரன்

வந்தால் சந்தோஷம். ஓசூர் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இருக்கிறது, சேலம், கோவை, திருச்சி, சென்னையோடு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் ஆளில்லா விமானச் சோதனை மையத்துக்கும் ஏற்பாடு நடக்கிறது. முன்பு ஒவ்வொரு சோதனைக்கும் உருப்படியைத் தூக்கிக்கொண்டு வெளி மாநிலம் போக வேண்டும். ஆனால் எனக்கு வரும் வேலை வெறும் பிராக்கெட்தான், தம்பி. கிராங்க் ஷாஃப்ட் வரைபடம் என்றைக்கு ஓசூருக்கு வருகிறதோ அன்றைக்குச் சொல்லுங்கள், லட்டு வாங்கித் தருகிறேன்.

#27 ஏரோ மாணவி

அண்ணே, அந்த ஒதுக்கிய பத்து பிராக்கெட்டும் என்ன ஆனது?

#28 பட்டறைக்காரன்

ஒன்பதை விதிப்படி அறுத்து ஸ்கிராப்பில் போட்டாயிற்று. ஒன்றைக் கேட்டு வாங்கி, குறுக்கே அறுத்து, அலமாரியில் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையனிடம் இரண்டு பாதியையும் கொடுத்து எடை போடச் சொல்வேன். 161-ஐ விட ஒரு கிராம் குறைவாகக் காட்டும், ரம்பம் தின்றது போக. அந்த ஒரு கிராம் எங்கே போனது என்று எவன் கேட்கிறானோ அவனை விமான வேலையில் போடுவேன். மற்றவர்கள் டிராக்டர் பாகம்.